குறுக்கு பெல்ட்டுக்கு இரண்டு பக்கம்

என் ரோஸ்லினுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் ஆட்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போன ஐப்பசி மழையில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நீ நூலகத்துக்கு வரவில்லை என்று போனில் சண்டை போட்டேன். "ஒடம்பு சரியில்லடி" என்றாய். "உனக்குப் படிக்கச் சோம்பேறித்தனம்" என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது.

ஊர்ச் சேதி சொல்கிறேன். உத்திரமேரூர் ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது. நூலகத்தில் ஜன்னலோரம் நாம் உட்காருகிற மேஜையை நகர்த்தி, அங்கே பீரோ வைத்துவிட்டார்கள். ஆசிரியர் தேர்வுக்கு மறுபடியும் அறிவிப்பு வந்திருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டேன். நீ இருந்தால் இந்த முறை பாஸாகிவிடுவாய், இல்லையா? எனக்கு என்னைப் பற்றித் தெரியாது, உன்னைப் பற்றித் தெரியும்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் உனக்குச் செய்தது நாலு பேர் முன்னால் செய்தது. அதைச் சொல்வதும் அவர்கள் முன்னால்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு நம்மைத் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பி.எட். படித்த இரண்டு வருஷமும் காஞ்சிபுரத்துக்கு ஒரே பஸ்ஸில் போனோம். ஒரு நாள் வட்டங்களின் பொதுத் தொடுகோடுகள் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நின்றால், இரண்டையும் தொட்டுப் போகிற கோடுகள் நாலு. இரண்டு வெளிப்பக்கமாக ஓடும். அவை நேரடிப் பொதுத் தொடுகோடுகள். மற்ற இரண்டும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். அவை குறுக்குப் பொதுத் தொடுகோடுகள். எது எது என்று எனக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நீ பஸ் டிக்கெட்டைத் திருப்பி அதன் முதுகில் இரண்டு வட்டம் போட்டாய்.

"இன்னாடி, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? எங்கப்பா மில்லுல பெல்ட்டு மாட்டறாரு. நேரா மாட்னா நேர் பெல்ட்டு. ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுத்தும். எட்டு மாரி முறுக்கி மாட்னா குறுக்கு பெல்ட்டு. ஒண்ணு இப்டி சுத்தும், ஒண்ணு அப்டி சுத்தும். இதுல இன்னா கீது?"

பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பாடம் முடிந்துவிட்டது. புத்தகம் பத்துப் பக்கத்தில் சொன்னதை நீ டிக்கெட்டின் முதுகில் சொன்னாய். அன்றைக்கு எனக்கு உன் மேல் பொறாமையும் வந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடிந்ததும் நீ கம்பெனி பஸ் ஏறினாய். ஷிப்டுக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் கோடு போடாத ஒரு நீள நோட்டில் வட்டம் பாடம் முழுவதையும் எழுதி முடித்தாய். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிற பயிற்சி மையத்தில் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருகிற இடம். ஞாயிற்றுக்கிழமையானால் நூலகத்தில் நாம் இரண்டு பேரும். ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு விடையை ஒப்பிட்டுப் பார்ப்போம். நீ எப்போதும் முதலில் படம் போடுவாய். நான் படம் போடவே மாட்டேன், நேரே சமன்பாட்டுக்குள் குதிப்பேன். விடை ஒத்துப்போகாத நாளில் பத்துக்கு எட்டு முறை நான்தான் தப்பு. அந்த எட்டு முறையும் நீ என்னைக் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை.

எங்கள் வீட்டில் வட்டம் என்றால் தோசைதான். அண்ணன், அண்ணி, அப்பா எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தை இவர்களில் யாரிடம் சொல்வது? நீ போன பிறகும் பல நாள் விடை வந்தவுடன் கை போனைத் தேடியது. இப்போது கை பழகிவிட்டது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீ போய்ப் பதினாறு நாள் கழித்து உங்கள் அம்மா அந்த நோட்டை எங்கள் மையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீ பாத்துட்டுக் குடும்மா" என்றார். நான் தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கணினியில் தட்டினேன். உன் கையெழுத்தோடு இருப்பதற்கு அது ஒரு சாக்கு. எல்லாம் முடிந்ததும் நோட்டை உங்கள் தெருமுனையில் வைத்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

தட்டியபோது மூன்று காரியம் செய்தேன். கணினியில் வட்டம் வரைய எனக்குச் சரியாக வராது. அதனால் படங்களை எல்லாம் விட்டுவிட்டேன். 'நேர் பெல்ட்', 'குறுக்கு பெல்ட்' என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டுப் புத்தகச் சொல்லைப் போட்டேன். பெல்ட் என்று போட்டால் மெக்கானிக் நோட்டு மாதிரி இருக்கிறதே, படித்தவர்கள் சிரிப்பார்களே என்று எனக்குப் பட்டது. ஆமாம் ரோஸ்லின், எனக்குத்தான் பட்டது.

மூன்றாவது, பெயர். மையம் நடத்துகிற சார் கேட்டார், "யார் பேரப் போடறது மேடம்? செத்துப்போனவங்க பேரப் போட்டா படிக்கிறவங்களுக்கு மனசு ஒரு மாரி ஆய்டும். சகுனம்னு ஒண்ணு கீது இல்ல?" நான் தலையை ஆட்டினேன். 'ஆக்கம்: புவனேஸ்வரி' என்று அச்சானது. வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். காஞ்சிபுரம், வாலாஜாபாத் வரைக்கும் போனது. "மேடம், வட்டம்னா உங்க நோட்ஸ்தான்" என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். நன்றி நன்றி என்று கும்பிடு பொம்மை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு முறைகூட உன் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததைக் கேள். தென்னேரியிலிருந்து ஒரு அம்மாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படிக்கிறவர். குழுவில் ஒரு கேள்வி போட்டார்: "மேடம், ஒன்பதாவது கணக்குல ஒரு கோடுதான் இருக்குது. ரெண்டு வரணுமே?"

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆதியை மையமாகக் கொண்டு ஆரம் ஒன்று உள்ள வட்டம். (3, 3)-ஐ மையமாகக் கொண்டு ஆரம் இரண்டு உள்ள வட்டம். குறுக்குப் பொதுத் தொடுகோடுகளைக் காண்க. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி, மையங்களை இணைக்கும் கோட்டை ஒன்றுக்கு இரண்டு என்று உட்புறமாகப் பிரிக்கும். அது (1, 1). அதன் வழியே போகிற கோட்டின் சாய்வை m என்று வைத்துச் சமன்பாடு போட்டால், m-வர்க்கம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய் m = 0 என்று ஒரே விடை வரும். கோடு y = 1. நான் அங்கேயே நிறுத்தி, 'ஆகவே குறுக்குத் தொடுகோடு ஒன்றே' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

இன்னொரு கோடு x = 1. அது செங்குத்தாக நிற்கிறது. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. m-ஐ வைத்துத் தேடினால் ஏழு ஜென்மம் தேடினாலும் அகப்படாது. படம் போட்டிருந்தால் கண்ணெதிரே நின்றிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது.

நான் பதில் எழுதுவதற்குள் சார் ஒரு குரல் பதிவு போட்டார். "அது மேடம் எழுதினது இல்லீங்க. அவங்க ஃப்ரெண்டு ஒருத்தங்க, இப்ப இல்ல, அவங்க நோட்டப் பாத்து டைப் பண்ணது. அதுல தப்பு கீது போல. மேடம் சரி பண்ணிக் குடுத்துடுவாங்க." இத்தனை மாதமாக என் நோட்டு. ஒரு தப்பு வந்ததும் அரை நிமிஷத்தில் அது உன் நோட்டாகிவிட்டது.

அதற்குக் கீழே, உன்னைத் தெரிந்த யாரோ ஒருவர் எழுதினார்: "காலனிப் பொண்ணு நோட்ஸா? அதான் பாதி விடை." பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மைக்குப் பதினோரு பேர் சிரித்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'சரி செய்து அனுப்புகிறேன்' என்று எழுதி, ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு நாள் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். ஒருவேளை நோட்டிலேயே அப்படித்தான் இருந்ததோ, நான் பார்த்து எழுதியதுதானோ என்று. அப்படி இருந்துவிடாதா என்று ஆசைப்பட்டேன். உன் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், ரோஸ்லின். மூன்றாம் நாள் நோட்டைப் பார்க்க உங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பத்து வருஷப் பழக்கம். ஆனால் உங்கள் காலனியில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் வந்திருக்கிறேன். வண்டியை நிறுத்திப் போன் போடுவேன், நீ வெளியே வருவாய். உன்னை எடுத்த அன்று மட்டும் வாசல் பந்தல் வரைக்கும் வந்தேன், அப்போதும் வீட்டுக்குள் வரவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் பேசுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அண்ணி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. நீயும் ஒரு நாளும் 'உள்ளே வா' என்று கூப்பிடவில்லை. நான் சாக்குச் சொல்ல வேண்டி வருமே என்று என்னைக் காப்பாற்றினாயா? அல்லது உனக்கே வேண்டாம் என்றிருந்ததா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். "எம்மா, புவனாவா? இன்னா வாசல்லயே நின்னுக்கினு கீற? உள்ள வா. இது உன் கூட்டாளி வூடு."

உள்ளே போனேன். மாதா படத்துக்குக் கீழே உன் போட்டோ. பி.எட். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிது பண்ணியிருக்கிறார்கள், கண் கொஞ்சம் கலங்கித் தெரிகிறது. அம்மா டீ போட்டார். நான் போட்டோவைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்துக் குடித்தேன். பிறகு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார்.

ஒன்பதாவது கணக்கு. அரைப் பக்கத்துக்குப் படம். ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம், நடுவில் படுத்த கோடு ஒன்று, நின்ற கோடு ஒன்று. y = 1, x = 1. இரண்டும் இருந்தது. ஓரத்தில் பென்சிலால், 'm ஒண்ணுதான் வந்துதுன்னா ஏமாறாத, படத்தப் பாரு' என்று எழுதியிருந்தாய். படத்தோடு அதையும் விட்டுவிட்டுச் சமன்பாட்டை நானே போட்டு முடித்திருக்கிறேன். யாருக்காக எழுதினாய் அதை? எனக்காகத்தானே? வேறு யார் உன் நோட்டைப் படித்தார்கள்?

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாதவர் படத்தில் விரலை வைத்தார்.

"இது குறுக்கு பெல்ட்டு தான? அவுங்கப்பா மாட்டுவாரே, அது."

"ஆமாம்மா. இதுல ரெண்டு கோடு கீது. நான் ஒண்ணு மட்டுந்தான்னு எழுதிட்டேன்."

"ஒண்ணு மட்டுமா?" அவருக்குப் புரியவில்லை. "பெல்ட்டுன்னா ரெண்டு பக்கம் இருக்கும்மா. போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் எப்டி இருக்கும்? அறுந்து போனாதான் அப்டி."

எம்.எஸ்சி., பி.எட். படித்துப் பத்து வருஷம் கணக்கோடு கிடந்தவள் நான். அந்த ஒரு சொல்லை அடிக்காமல் விட்டிருந்தால் என் கையே இந்தத் தப்பை எழுதியிருக்காது. குறுக்கு பெல்ட்டுக்கு ஒரு பக்கம்தான் என்று யாராவது எழுத முடியுமா? கௌரவம் பார்த்து உன் சொல்லை எடுத்தேன், அதோடு சேர்ந்து உன் கோடும் போய்விட்டது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் என்ன எழுதினார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ இருந்தா அவளே பேசிப்பா" என்றார். "இப்ப யாரு பேசறது?"

அதட்டிக் கேட்கவில்லை. அழவும் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'நோட்டில் இரண்டு கோடும் இருக்கிறது. தப்பு என்னுடையது' என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் அது காணாமல் போனது. சார் அழித்துவிட்டுப் போன் போட்டார். "இன்னாத்துக்கு மேடம் இந்தப் பேஜாரு? நம்ம சென்டர் பேர் கெட்டுப்போவும். செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா?"

"அவங்க வரமாட்டாங்க சார். அதான் நான் சொல்றேன்" என்றேன். நான் தைரியசாலி இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பலகையில் படம் போட்டேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாகச் சமன்பாட்டுக்கு முன்னால் படம். நேர் பெல்ட், குறுக்கு பெல்ட் என்றே சொன்னேன். இந்தப் பாடத்தை எழுதியவள் ரோஸ்லின், காலனியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள், அவள் போட்டது முழு விடை, பாதி விடை போட்டது நான் என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் கீழே குனிந்துகொண்டார். சிரிக்கிற பொம்மை போட்டவர் அவர்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. "அப்ப நேர் பெல்ட்டுக்கும் படம் போடுங்க மேடம்" என்று ஒரு பெண் கேட்டாள். போட்டேன்.

மறு வாரம் வட்டம் பாடத்தைக் காஞ்சிபுரத்து ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார் சார். எனக்குப் புள்ளியியல் மட்டும். கூட்டுச் சராசரி, இடைநிலை. உனக்குப் பிடிக்காத பாடம், எனக்கும்தான். வகுப்புக்கு முன்னால் என்னோடு டீ குடிக்க இறங்கி வருகிறவர்கள் இப்போது முன்னாலேயே போய்விடுகிறார்கள். தனியாகத்தான் குடிக்கிறேன். நான் செய்தது பெரிய தியாகம் இல்லை என்று எனக்குத் தெரியும். பல மாதம் தாமதமாக வந்த உண்மை அது, அவ்வளவுதான். ஆனாலும் தனிமை தனிமைதானே? சரியாகச் செய்தேனா என்று ஒப்பிட்டுப் பார்க்க நீ இல்லையே.

தென்னேரி அம்மாள் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார். "அந்தக்கா எழுதின மாதிரியே, படத்தோட குடுங்க. பெல்ட்டுனு சொன்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சி." அவருக்காக உட்கார்ந்து கையாலேயே எழுத ஆரம்பித்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், நான் உன் படங்களைப் பார்த்து வரைவேன். வட்டம் கோணினால் அம்மாவே சொல்லிவிடுகிறார். உன் சொல் ஒன்றையும் மாற்றவில்லை. பென்சிலில் எழுதியவற்றைக்கூட விடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இன்னொரு தரம் படி என்றார். உனக்கும் படிக்கிறேன்:

'இந்தப் பாடத்தை எழுதியவர் ரோஸ்லின். ஒன்பதாவது கணக்கைத் தப்பாகப் போட்டு, அந்தத் தப்பு அவர் மேல் விழுந்தபோது வாய் மூடி இருந்தவர் புவனேஸ்வரி.'

யார் நகல் எடுத்தாலும் இந்த இரண்டு வரியோடுதான் எடுக்க வேண்டும். முதல் வரி மட்டும் போதும் என்று தென்னேரி அம்மாள் சொன்னார், நான் கேட்கவில்லை. இனி இந்தப் பாடம் போகிற இடமெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம், நீ எழுதியவளாக, நான் தப்புச் செய்தவளாக. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூட்டாளி,
புவனா